பழைய மோட்டாரும் மலைப் பாதையும்

பழைய மோட்டார் வண்டி ஒன்று இருக்கும் வீட்டில், அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இருக்க முடியாது. பாட்டனார் வாங்கிய அம்பாஸடர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நிற்கிறது. அதன் அடியில் கோழி அடைகாக்கிறது. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் மருமகள் மாமியாரைப் பார்க்கிறாள். மாமியார் மாமனாரைப் பார்க்கிறார். மாமனார் பத்திரிகையைப் பார்க்கிறார். விற்றுவிடலாம் என்பது ஒரு கட்சி. வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்குள்ளேயே, புது யந்திரம், அகன்ற சக்கரம், மினுமினுக்கும் வர்ணம் எல்லாம் போட்டு, பெற்றவர் வந்தாலும் அடையாளம் தெரியாதபடி வண்டியை மாற்றிவிட வேண்டும் என்று ஓர் உட்கட்சியும் உண்டு. சாதாரணமாய் அதற்குத் தலைவர் காலேஜில் படிக்கும் பேரப் பிள்ளைதான்.

இந்த மூன்று கட்சிகளுக்கும் மத்தியஸ்தம் செய்யத் தகுந்த ஒருவர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கிறார். அவருக்கு யாரிடமும் பட்சபாதம் கிடையாது. அவர்தான் கல்வராயன் மலை. பழைய வண்டியில் எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது என்பதை மலைப் பாதையைப் போல் தெளிவாய்ச் சொல்லக்கூடிய நிபுணர் வேறு இல்லை என்பது நம் துணிபு.

முதலில் இந்தப் பொழுதுபோக்கின் வமிசாவளியைச் சிறிது பார்ப்போம். ஓடுகிற யந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசை நம் நாட்டுக்குப் புதிதல்ல. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளைஞராயிருந்தபோது ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் மோட்டார் சைக்கிளில் போவதைக் கண்டார். கண்டதிலிருந்து அவருக்கு வேறு நினைவு இல்லை. ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதே மாதிரி வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஏறி ஊர் சுற்றவில்லை, அக்கக்காய்க் கழற்றிவிட்டார். மறுபடி பூட்டியபோது அவர் மெக்கானிக் ஆகியிருந்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பிற்பாடு அது பெரியதொரு போக்குவரத்து ஸ்தாபனமாய் வளர்ந்தது. அவர் பெயரால் இன்று கோயமுத்தூரில் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. வெளியூரிலிருந்து செல்லும் நேயர்கள் குழந்தைகளுடன் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

ஆனால் காட்சிசாலையின் தர்மம் வேறு. வீட்டுக் கொட்டகையின் தர்மம் வேறு. காட்சிசாலையில் வண்டி நின்றால் போதும். வீட்டில் அது ஓட வேண்டும். ஓடாத வண்டியைத் துடைத்து வைப்பது, பாடாத வீணைக்கு உறை தைப்பதைப் போன்றது.

நம் பக்கத்து வீடுகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது அம்பாஸடர். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசை வண்டியின் அச்சில், கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை அதைச் செய்துவந்தது. ஐம்பத்தேழு வருஷம் முகம் பெரிதாய் மாறாமல் வாழ்ந்த வண்டி உலகத்திலேயே அபூர்வம். இரண்டாவது, பம்பாயில் பியட் என்று பிறந்து பத்மினி என்று பெயர் மாறிய வண்டி. மூன்றாவது, சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் முன்மூடி முழுவதும் முன்பக்கமாய் முதலை வாய் போலத் திறக்கும், மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். நான்காவது ஜீப். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இந்த வண்டிகளிடம் உள்ள பெரிய குணம், தங்களிடம் ரகசியம் எதுவும் இல்லை என்பதுதான். மூடியைத் திறந்தால் யந்திரம் தெரிகிறது. யந்திரத்துக்கு அப்பால் தரை தெரிகிறது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடரலாம். இன்றைய வண்டியில் கோளாறு வந்தால் அதைக் கணிதப் பெட்டி ஒன்றுடன் இணைத்து, அது சொல்லும் குறியைப் படித்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டியில் நாமே கேட்டு, முகர்ந்து, தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த உபகரணம் கிடைப்பது துர்லபம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காண்டாக்ட் பாயிண்டுகளின் இடைவெளியை அளக்க வேண்டும். அம்பாஸடரின் பழைய பெட்ரோல் யந்திரத்துக்கு அது அங்குலத்தில் 1,000-ல் 15 பங்கு. ஸ்பார்க் பிளக்குக்கு 25 பங்கு. பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளை எட்டாவது படிக்கும் பெண்ணின் கையில் கொடுத்துப் பாருங்கள். ‘தசமத்துக்கு அப்புறம் மூன்றாம் இலக்கம் எதற்கு?’ என்று அவள் அதன் பிறகு கேட்க மாட்டாள். எண்ணெய் மட்டம், ரேடியேட்டர் தண்ணீர், மின்விசிறிப் பட்டையின் தளர்ச்சி, டயரின் காற்று, கதவின் அடிவிளிம்பில் அரும்பும் துரு இவற்றையும் பார்த்தால் அந்த வாரத்து அனுஷ்டானம் முடிந்தது.

இனி மலைக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாய்ப் போனால் கரும்பு வயல்களுக்கு நடுவே சமதரையில் பாதை செல்கிறது. கோமுகி அணையைக் கண்டதும் எதிரே மலை எழுந்து நிற்கிறது. அதற்கப்பால் கொண்டை ஊசி வளைவுகள், மேலே வெள்ளிமலை. சமதரையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். ஏற்றத்தில் அதன் உடல்நிலை தெரிகிறது. இறக்கத்தில் அதன் குணம் தெரிகிறது.

ஏறும்போது இரண்டாம் கியரில் யந்திரம் உழைக்கிறது. வண்டியோ மெல்லப் போகிறது. ரேடியேட்டரில் காற்று போதுமானபடி புகுவதில்லை. உள்ளே பல வருஷத்துக் காறை படிந்திருந்தால் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். வெயில் காலத்தில் பெட்ரோலே குழாய்க்குள் ஆவியாகி, பம்பு வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். வண்டி நின்றுவிடும். அப்பொழுது செய்யத் தக்கது நிழலில் ஒதுங்கி, பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, கட்டுச் சாதத்தைப் பிரிப்பதுதான். செய்யத் தகாதது, சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. அதனால் முகம் வெந்தவர்கள் உண்டு.

இறக்கத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. வண்டியும் ஐந்து பேருமாய்ச் சுமார் 1,500 கிலோ எடை என்றும், மலையிலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் சக்தி 73 லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. இது முழுவதும் எங்கேயாவது உஷ்ணமாய் மாறித்தான் தீர வேண்டும். குழாய்த் தண்ணீர் 25 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான உஷ்ணம் அது. கல்யாண வீட்டு அண்டாவுக்கு அடுப்பு மூட்டுவது போன்ற காரியம்! இதில் காற்று ஒரு பங்கை ஏற்கிறது. ஏறின கியரிலேயே இறங்கினால் யந்திரமும் ஒரு பெரும் பங்கை ஏற்கிறது. ‘பெட்ரோல் மிச்சம்’ என்று கியரை நழுவவிட்டு உருண்டு வருகிறவர், அந்தப் பங்கையும் சேர்த்து பிரேக்கின் தலையில் கட்டிவிடுகிறார்.

பழைய வண்டிகளில் இருப்பவை டிரம் பிரேக்குகள். சூட்டில் டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. கட்டையின் பிடிப்பும் குறைகிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை வருஷக்கணக்காய் உறிஞ்சி வைத்திருந்தால், அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. ஆகவே மிதி தரையைத் தொடும், வண்டியோ நிற்காது. எத்தனையோ ஆண்டுகள் சமதரையில் ஒழுங்காய் நின்ற வண்டி, ஒரு வளைவில் இப்படித் துரோகம் செய்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் திரவத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் சினிமாவுக்குப் போய்வரும் செலவுதான். அகன்ற சக்கரத்துக்கும் உறுமும் புகைக்குழாய்க்கும் பேரப் பிள்ளை கேட்கும் பணத்தில் பிரேக் முழுவதையுமே புதுப்பித்துவிடலாம்.

இங்கேதான் மாற்றம் என்பதன் இலக்கணம் நமக்குக் கிடைக்கிறது. மலை கேட்கும் மாற்றங்கள் சில உண்டு: நல்ல பிரேக், சுத்தமான ரேடியேட்டர், வெளிச்சம் தரும் விளக்கு, உட்கார்ந்தவரைப் பிடித்துக்கொள்ளும் பெல்ட். தெரு கேட்கும் மாற்றங்கள் வேறு சில உண்டு: தொண்டை கிழியும் ஹார்ன், கண்ணைப் பறிக்கும் விளக்கு, காதைத் துளைக்கும் சத்தம். முன்னவை வண்டியில் இருப்பவர்களுக்காக. பின்னவை வண்டியைப் பார்ப்பவர்களுக்காக.

தேவைக்காக வண்டியை மாற்றும் வித்தையில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெருமை உண்டு. இரண்டாவது மகா யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது பஸ்களின் முதுகில் ஒரு கரி அடுப்பைப் பொருத்தினார்கள். குறைந்த காற்றில் கரியை எரித்தால் எரியக்கூடிய வாயு உண்டாகிறது. அதைக் குளிர்வித்து வடிகட்டி யந்திரத்துக்கு ஊட்டினால் பஸ் ஓடுகிறது. மதுரை டி. வி. எஸ். ஸ்தாபனத்தார் செய்த வாயுக் கலம் மிகப் பிரசித்தம். பலம் குறைந்தது உண்மை. புறப்படும் முன் அடுப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டியிருந்ததும் உண்மை. அந்த வாயு விஷமுள்ளது என்பதும் மறக்கக் கூடாதது. ஆயினும் ஊர்ப் பிரயாணம் நிற்கவில்லை. அதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. யந்திரத்தின் உள்ளுறுப்பை அவர்கள் சிதைக்கவில்லை. கஷ்ட காலம் நீங்கியதும் அடுப்பைக் கழற்றி வைத்தார்கள். வண்டி பழையபடி பெட்ரோல் குடித்துக்கொண்டு ஓடிற்று. திரும்பப் பெறக்கூடிய மாற்றமே உத்தமமான மாற்றம்.

கல்வராயன் மலை ஜீப்புகளிலும் இந்தத் தேவையின் கையெழுத்தைப் பார்க்கலாம். அந்த மலைப் பிரதேசம் தலைமுறை தலைமுறையாய் ஜாகீர்தார்களின் கையில் இருந்து, 1976-ல்தான் சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. மலையாளி என்று வழங்கும் மலைவாழ் மக்களின் சிற்றூர்களுக்குப் பாதை வந்தது மிகவும் தாமதம். பாதை வருமுன்பே போகக்கூடிய வண்டி எதுவோ அதுதான் அங்கே செல்லும். யுத்தத்துக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் பம்பாயில் மகீந்திரா ஸ்தாபனம் இணைக்கத் தொடங்கிற்று. அதன் சந்ததிகளே மலையூர்களின் வாகனம். நீண்ட பலகை ஆசனம், மேலே மூட்டை கட்டும் இரும்புச் சட்டம், பின்னால் நிற்க ஒரு படி என்று அவற்றில் சேர்த்தவையெல்லாம் அழகுக்காகச் சேர்த்தவை அல்ல. அங்கே வாழ்க்கை நடத்துவதற்காகச் சேர்த்தவை. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த ஜீப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர், அந்த ஊருக்கு ஒருநாள் கால்நடையாய்ப் போய்வரட்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? வண்டியைச் செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக அதை மாற்றலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் தீர்ப்பளித்தது. ஆகவே யந்திரத்தையோ உடற்கூட்டையோ தொடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். 2021-ல் மத்திய சர்க்கார் முதுமக்கள் வண்டிகளுக்கென்று தனி விதி செய்தது. 50 வயது கடந்து, சொந்த உபயோகத்தில் இருந்து, சட்டகம், உடற்கூடு, யந்திரம் ஆகியவற்றில் பெரும் மாறுதல் செய்யப்படாத வண்டிக்கு ‘வி. ஏ.’ என்னும் எழுத்துக்களுடன் தனி எண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்ப்பதற்கும் கொண்டுபோகலாமே தவிர, தினசரி காய்கறி வாங்கப் போகக் கூடாது. 1970-ம் வருஷத்து அம்பாஸடருக்கு டீசல் யந்திரத்தைப் பொருத்தியவர், இந்த மரியாதையைத் தாமே கைவிட்டவர் ஆகிறார்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000-ம் வருஷத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு ஒழிந்ததில் நமக்கு முழுத் திருப்தி. ஆனால் அந்த ஈயத்தை நம்பியிருந்த பழைய வால்வு ஆசனங்கள் தேயலாயின; கடினமான ஆசனம் அடித்துக்கொள்வதே அதற்குப் பரிகாரம். இப்பொழுது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் கரும்பு முக்கியப் பயிர். எத்தனாலுக்கு மூலமும் பெரும்பாலும் கரும்பும் தானியமும்தான். ஆகவே விவசாயிக்கு வருகிற நன்மையை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழைய ரப்பர் குழாய்க்கும் கார்க் அடைப்புக்கும் எத்தனால் ஆகாது. அது ஈரத்தையும் இழுக்கும். ஆறு மாதம் நிற்கும் வண்டியின் தொட்டி உள்ளே துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொண்டு, வண்டியை அடிக்கடி ஓட்டுவதே மருந்து. மைல் கணக்கு கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் விட நமக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. உதிரிச் சாமான் எங்கேயாவது கிடைத்துவிடும். அதைப் பொருத்தும் கை கிடைக்குமா? கள்ளக்குறிச்சியில் நமக்குத் தெரிந்த மிஸ்திரி ஒருவர், நீண்ட திருப்புளியின் நுனியை யந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போலிருக்கும். ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு, “வாட்டர் பம்ப் பேரிங், ஸார். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் போகும். ஆனா மலைக்கு மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க” என்றார். எந்தக் கணிதப் பெட்டியும் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாது. அவருக்கு அறுபது வயது ஆகிறது. அவரிடம் வேலை பழகப் பையன்கள் வருவதில்லை. அவர் பழகியதோ ஒன்பதாவது வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு. இன்று பையன்கள் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். குழந்தையின் படிப்பைப் பறித்து ஒரு தொழிலைக் காப்பாற்ற வேண்டாம். படித்து முடித்தவர்கள் அந்தத் தொழிலிடம் வருவதுதான் வழி.

அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. வண்டிக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, எதை மாற்றியது, மிஸ்திரி என்ன காரணம் சொன்னார் என்பவற்றை எழுதி வையுங்கள். கழற்றிய மூலச் சாமானைத் துடைத்து, எண்ணெய் தடவி, சீட்டுக் கட்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள். மிஸ்திரிக்குக் கூலி கொடுக்கும்போது கையின் நேரத்துக்கு மட்டுமன்றிக் காதின் அனுபவத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, கேள்வி கேளுங்கள். பேரப் பிள்ளையையும் நிற்கச் சொல்லுங்கள். உறுமும் புகைக்குழாயைப் பற்றிய பேச்சு பத்து நிமிஷத்தில் மறைந்து, வால்வைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

ஆகவே மூன்று கட்சிகளுக்கும் நம் தீர்ப்பு இதுதான்: வாரம் ஒரு மணி நேரம் கொடுக்க வீட்டில் ஒருவராவது உண்டானால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் இல்லையானால், இரும்பு விலைக்குப் போடாமல், கொடுக்கக்கூடியவர் கையில் கொடுத்துவிடுங்கள். மாற்ற வேண்டியதை மலையிடம் கேட்டு மாற்றுங்கள். பிறகு ஒரு விடியற்காலையில் குடும்பத்துடன் வெள்ளிமலைக்குப் புறப்படுங்கள். இறங்கும்போது எதிரே பஸ்ஸோ ஜீப்போ ஏறி வந்தால் நீங்கள் ஒதுங்கி வழி விடுங்கள். ஏறுகிறவருக்கு வழி விடுவது மலைப் பாதையின் சம்பிரதாயம். உங்கள் பிரேக் பிடிக்கிறதா என்பதும் அந்த இடத்தில் தெரிந்துவிடும்.